மலைக் குளிர்ல கேன்சர் பேஷண்ட்டை வீட்ல பாத்துக்கிறது எப்படி

கோயம்புத்தூர்ல கீமோ முடிச்சு ஊட்டி, கோத்தகிரி ஏறுறவங்களுக்கு கொண்டை ஊசி வளைவே பெரிய சோதனை, வாந்தி மாத்திரை எப்போ போடணும்னு டாக்டர்கிட்ட கேட்டு வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க.

குடல் கேன்சருக்கு ஆக்ஸாலிபிளாட்டின்ங்கிற கீமோ மருந்து போட்டிருந்தா நம்ம ஊர் குளிர் ரொம்ப படுத்தும். பச்சத்தண்ணி தொட்டாலே விரல் சுருக்கு சுருக்குனு குத்தும், குடிச்சா தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும், பாவம் பயந்துடுவாங்க. கையுறை, மப்ளர், வெதுவெதுனு தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும். வெந்நீர் பையை கால்ல வைக்காதீங்க, மரத்துப்போன காலுக்கு சூடு தெரியாம கொப்பளிச்சிடும். கதவை சாத்திட்டு உள்ள கரி அடுப்பு மூட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துடும்.

கீமோ நாட்கள்ல காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டா பாராசிட்டமால் குடுத்துட்டு விடியட்டும்னு இருக்காதீங்க, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு கிளம்புங்க. வெள்ளை அணு குறைஞ்ச உடம்பு, தொற்று சீக்கிரமே முத்திடும், நமக்கு மலை இறங்கவே நேரம் ஆகும்.

மார்ஃபின் எழுதிக் குடுத்தா வலி வரட்டும்னு காத்திருக்காம சொன்ன நேரத்துக்கு குடுங்க, மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேளுங்க.

"அம்மாவுக்கு எதுவும் சொல்லாதீங்க"ன்னு வீட்ல இருக்கிறவங்க நோயை மறைக்கிறாங்க, ஆனா அவங்களுக்கு பாதி தெரிஞ்சே இருக்கும். எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படுறீங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்கம்மா. பகல்ல தோட்ட வேலை, ராத்திரி முழிப்புனு கிடக்கிற பொண்ணையும் பாருங்க, வாரத்துல ரெண்டு ராத்திரியாவது வேற யாராவது முழிச்சிருங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சை பாக்குறாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்து வைங்க.