செனெகாவின் கடிதங்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீ நலமென்றால் நன்று, நானும் நலம்" என்று கடிதத்தைத் தொடங்குவது ரோமானியரின் பழைய வழக்கம். ஸ்டோயிக் என்னும் மெய்யியல் பள்ளியைச் சேர்ந்த ரோமானியச் சிந்தனையாளர் செனெகா தமது 15ஆம் கடிதத்தில் அதை நினைவுகூர்ந்து, "மெய்யறிவு பயில்கிறாய் என்றால் நன்று" என்றே நாம் சொல்ல வேண்டும், அது இல்லையேல் உடல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் உள்ளம் நோயுற்றதே என்கிறார். நீரோ மன்னனின் அவையிலிருந்து ஒதுங்கிய பின், கி.பி. 65இல் இறக்கும் வரையிலான சில ஆண்டுகளில், சிசிலியில் அரசு அதிகாரியாக இருந்த நண்பர் லூசிலியஸுக்கு அவர் எழுதியவற்றில் 124 கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

இவற்றைப் பொன்மொழித் தொகுப்பாக வாசிப்பதுதான் இன்று மிகுதியாக நடக்கும் தவறு. தொடக்கக் கடிதங்களின் இறுதியில் செனெகாவே ஒரு மணிவாக்கை வைப்பார்; அது பெரும்பாலும் எதிர்ப்பள்ளியைச் சேர்ந்த கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸுடையதாக இருக்கும். பின்னாளில் லூசிலியஸ் அதையே மீண்டும் கேட்டபோது, 33ஆம் கடிதத்தில் அவர் மறுத்துவிடுகிறார். காலையோ கையையோ தனித்துப் புகழும்படி இருப்பவள் அழகியல்லள், உறுப்புகளைத் தனித்து நோக்கவிடாத முழுத்தோற்றம் உடையவளே அழகி என்றும், முதிர்ந்தவன் குறிப்பேட்டைக் கொண்டு அறிவாளியாவது இழுக்கு என்றும் அங்கே கடிந்துகொள்கிறார். ஒரே ஒரு வரியை மட்டும் படத்தில் பொறித்துப் பகிரும் நாம், அவர் மறுத்ததையே அவர் பெயரால் செய்கிறோம்.

அவரை மருத்துவராக எண்ணிக்கொள்வதும் பிழையே. 27ஆம் கடிதத்தில், தாமே நோயாளியாக இருக்கையில் பிறரைக் குணப்படுத்தப் புறப்படும் அளவுக்குத் தமக்கு வெட்கமில்லாமல் போகவில்லை என்றும், ஒரே மருத்துவச்சாலையில் உடன் படுத்திருப்பவனைப் போலப் பொதுநோயைப் பற்றிப் பேசுவதாகவும் எழுதுகிறார். பெருஞ்செல்வராக இருந்தவர் எளிமையைப் பேசலாமா என்று கேட்டு அவரை ஒதுக்குவோர், இந்த ஒப்புதலையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உணர்ச்சிக்கு அடிமையாகாமல் அறிவின்வழி வாழச் சொல்லும் ஸ்டோயிக் நெறி என்றால் கல்நெஞ்சம் என்று கொள்வது இன்னொரு தவறு. நண்பரை இழந்த லூசிலியஸுக்கு எழுதிய 63ஆம் கடிதத்தில், கண்கள் வறண்டிருக்கவும் வேண்டாம், பெருக்கெடுக்கவும் வேண்டாம் என்கிறார். தம் நண்பர் செரேனஸ் மறைந்தபோது தாமே அளவுமீறி அழுததையும் மறைக்கவில்லை. அவர் நோய் என்று சொல்வது கண்ணீரை அன்று. பேராசை, பதவிமோகம் போல நாள்பட்டு இறுகிப்போன தீய பற்றுகளையே. ஒருமுறை வரும் சளி இருமலோடு போய்விடும், ஓயாமல் நீடித்தால் காசநோயாகும் என்பது 75ஆம் கடிதத்தில் அதற்கு அவர் தரும் உவமை.

அந்த உவமை ஏட்டறிவு அன்று. இளமையில் நீங்காத சளியால் உருக்குலைந்து, உயிரையே விட்டுவிட எண்ணியபோது, முதிய தந்தை தாங்கமாட்டாரே என்ற நினைவு தம்மைத் தடுத்ததையும், நண்பர்கள் அருகிலிருந்து பேசிய பேச்சு தம்மைத் தேற்றியதையும் நோயுற்ற லூசிலியஸுக்கு எழுதிய 78ஆம் கடிதத்தில் அவர் சொல்கிறார்.