மாவுக்கட்டு பிரித்த காலுக்குத் தெம்பு வர வைப்பது எப்படி?

திருநெல்வேலியில் பிசியோதெரபி பார்க்கிறேன். டூவீலரில் விழுந்து கால் முறிந்து வருகிறவர்கள் நிறைய. மாவுக்கட்டைப் பிரித்ததும் கால் எவ்வளவு சூம்பிவிட்டது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த பேச்சு ஆட்டுக்கால் சூப்பு. வாசல் வரை போய் வருவதற்குள் அந்தக் கால் ஏன் கல்லாகக் கனக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பயிற்சியை எப்படிச் செய்வது என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பருமனைவிடப் பலம் வேகமாகப் போகும். நல்ல உடல்நிலையில் இருந்த இளைஞர்களின் காலை 2 வாரம் கட்டிவைத்துப் பார்த்தார்கள். முன்தொடைத் தசை சுமார் 8 சதவீதம் மெலிந்தது. பலமோ 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தூக்க வேண்டிய உடம்பு மட்டும் அதே எடை. அதனால் முன்பு அலட்டிக்கொள்ளாமல் ஏறிய படிக்கே தசை இப்போது முக்க வேண்டியிருக்கிறது. அப்படி இறுகும்போது உள்ளே ரத்த ஓட்டமும் நெரிபடும்.

இன்னொன்றும் நடக்கிறது. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கும் குட்டி அடுப்புகள் மைட்டோகாண்ட்ரியா. வேலை இல்லையென்றால் உடம்பு அவற்றைக் குறைத்துவிடும். அப்புறம் தசை கொஞ்ச வேலைக்கே ஆக்சிஜன் இல்லாத குறுக்குவழிக்குப் போகும். தசை செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறுக்கு ஏடிபி என்று பெயர். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸில் சுமார் 30 ஏடிபி கிடைக்கும், குறுக்குவழியில் 2தான். சோர்வுக்கெல்லாம் லாக்டிக் அமிலத்தையே திட்டுவது ஜிம் வழக்கம். ஆற்றல் செலவாகும்போது மிஞ்சும் பாஸ்பேட் தசையில் தேங்குவதும் அதே அளவு கவனிக்க வேண்டியது. தசையின் அவசரக் கையிருப்பு கிரியேட்டின் பாஸ்பேட். செலவான அதைத் திரும்ப நிரப்பவும் மைட்டோகாண்ட்ரியாதான் வேண்டும். ஆகவே சூம்பிய கால் சீக்கிரம் களைக்கும், மெதுவாகத்தான் தேறும்.

கட்டு இருக்கும்போதே தொடங்கலாம், டாக்டர் சம்மதித்தால். முழங்காலைக் கீழே அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள், விடுங்கள். ஒரு தடவைக்கு 10, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை. கால் விரல்களையும் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

கட்டு பிரித்து, காலில் முழு எடை போடலாம் என்று டாக்டர் சொன்னபின் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது முதல் பயிற்சி. அடுத்தது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. இன்னும் இரண்டு மூன்று முடியும் என்கிற நிலையில் நிறுத்துங்கள். பிறகு 2, 3 நிமிடம் சும்மா உட்காருங்கள். பலர் இதைச் சோம்பல் என்று நினைத்து அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். தசை அதற்குள் நிரம்பியிருக்காது. அடுத்த சுற்றில் நல்ல காலே எல்லா வேலையையும் செய்துவிடும்.

இது பலத்துக்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்கு நடைதான். ஒரேயடியாக 15 நிமிடம் வேண்டாம். காலை, மதியம், மாலை ஐந்தைந்து நிமிடம். நொண்ட ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். மறுநாள் காலையிலும் வீக்கமோ வலியோ இருந்தால் அளவைக் குறையுங்கள். இல்லையென்றால் சில நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். போன வேகத்தில் தெம்பு திரும்பாது, வாரக்கணக்கில் ஆகும்.

சூப்பு குடியுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பிப் புரதத்தை விட்டுவிடாதீர்கள். தேறும் காலத்தில் கிலோ எடைக்கு 1.2 கிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 72 கிராம். ஒரு முட்டையில் 6தான். மூன்று வேளையும் இட்லி, சட்னி என்றால் கணக்கு எட்டாது. மீன், சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

வயதானவர்கள் விஷயத்தில் எனக்குப் பயம் பிள்ளைகளின் பாசம்தான். "அம்மா, நீங்க எந்திரிக்கவே வேண்டாம்" என்பார்கள். நோய் ஏதுமில்லாத முதியவர்களே 10 நாள் படுக்கையில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966இல் 20 வயது இளைஞர்கள் ஐவரை 3 வாரம் படுக்க வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, வயது குறைத்தது அந்த 3 வாரம் குறைத்ததைவிடக் கம்மி. தட்டை நீங்கள் கழுவிக்கொடுங்கள், சாப்பிட மேசைக்கு அம்மாவே வரட்டும்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அது களைப்பு இல்லை, ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.