கன்னத்துச் செல்லில் ஹெட்டிரோகுரோமாட்டினைப் பார்ப்பது எப்படி?

சாயமேற்றிய உட்கருவைப் பார்த்தால் நிறம் ஒரே சீராக இருக்காது. சில இடங்கள் வெளிறியிருக்கும், சில இடங்கள் அடர்ந்து கருத்திருக்கும். குரோமோசோம் இறுக்கமாகச் சுருண்ட அந்தக் கருத்த பகுதிக்குத்தான் 1928-இல் தாவரவியலாளர் எமில் ஹைட்ஸ் ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பெயர் வைத்தார். தொடக்கநிலைக்காரர்கள் தேட ஏற்றது, பெண்களின் செல்லில் உள்ள பார் உடலம். அவர்களுக்கு இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று சுருண்டு அடங்கிவிடுகிறது. பார் உடலம் என்பது அதுதான்.

படி 1: வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தேய்க்கவும். முதலில் வருபவை பெரும்பாலும் உதிரப்போகும் செல்கள். அதே இடத்தில் இன்னொரு குச்சியால் தேய்த்து எடுப்பதே நல்ல மாதிரி.

படி 2: கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகப் பூசி, ஈரம் காயுமுன் 95% எத்தனாலில் சில நிமிடம் வைக்கவும். காய்ந்துவிட்டால் உட்கருவின் நுண்விவரம் தெளிவாகத் தெரியாது.

படி 3: டொலூயிடின் நீலம் ஒரு நிமிடம், அப்புறம் தண்ணீரில் அலசல். சாயம் அதிகமானால் உட்கரு முழுக்க ஒரே நீலமாகிவிடும், தேடுவது கிடைக்காது. குறைவாக ஏற்றுவதே மேல்.

படி 4: 10 மடங்கு லென்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத செல்லைத் தேடி, 40-க்கு மாறி, கடைசியில் எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பார்க்கவும். உட்கருவின் ஓரத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் அளவில், ஒரு பக்கம் தட்டையான கரும்புள்ளி தெரிகிறதா? அதுதான். நடுவில் தெரியும் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எல்லாச் செல்லிலும் தெரியாது, கோணமும் வாட்டமும் அமைய வேண்டும்.

சரி, அந்தப் புள்ளிக்குள் என்ன நடக்கிறது? டி.என்.ஏ. இழை, நூல்கண்டு மாதிரி ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு ஹிஸ்டோன் தொகுப்பையும் ஏறக்குறைய 147 கார இணை நீளமுள்ள இழை சுற்றியிருக்கும். அந்த ஹிஸ்டோன்களில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் ஏற, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் வந்து கட்டை இறுக்குகின்றன. மரபணுவைப் படிக்கும் நொதிகளுக்கு உள்ளே போக வழியில்லை. எக்ஸ் குரோமோசோமில் இதைத் தொடங்கி வைப்பது எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.; தான் பிறந்த குரோமோசோமையே அது போர்த்திக்கொள்கிறது. ஆனாலும் சில மரபணுக்கள் தப்பித்து இயங்குகின்றன.

அடர்ந்த பகுதி என்றால் வெறும் குப்பை என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம். செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடமான சென்ட்ரோமியரைச் சுற்றி எப்போதும் இறுகியே இருக்கும் ஹெட்டிரோகுரோமாட்டின் குலைந்தால், குரோமோசோம்கள் ஒழுங்காகப் பங்கிடப்படாது. இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளை அடக்கி வைப்பதும் இதுதான்.

ஒப்பிட, ஓர் ஆணின் செல்லிலும் ஸ்லைடு போடுங்கள். பொதுவாக ஒரே எக்ஸ் என்பதால் அங்கே பார் உடலம் இருக்காது. லேபிள்களை மறைத்துவிட்டு ஸ்லைடுக்கு 100 செல் எண்ணினால், உங்கள் கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.