படம் பார்த்த இரவில் சிட்டை, ஏழாம் நாள் பேரேடு

என் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். அன்றாட வரவு செலவை முதலில் சிட்டையில் குறிப்பார். நடந்தது நடந்தபடி, அந்தந்த நேரத்திலேயே எழுதுவது சிட்டை. அப்புறம் ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து, அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவார். நான் காரைக்குடியில் ஒரு இரும்புக்கடையில் கணினியில்தான் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் பார்த்த படங்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது ஐயாவின் வழிதான் எனக்குக் கைகொடுத்தது.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் ஏழு பேர் கூடுகிறோம். ஒன்பது வருடமாக நடக்கிறது. எதிர் வீட்டுப் பெரிய ஆச்சிக்கு எண்பத்தொன்று. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். புதுப்படத்தை முதல் நாளே பார்த்துவிடும் ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், பள்ளி ஆசிரியத் தம்பதி, என் தோழி ஒருத்தி, நான். அந்த மாதம் பார்த்த படங்களைச் சொல்வோம், மதிப்பெண் போடுவோம். உங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒன்று தொடங்கலாம். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் சிட்டை. படம் முடிந்த அன்று இரவு, தூங்கப் போவதற்கு முன்பு, ஐந்தாறு வரி எழுதுங்கள். படத்தின் பெயர், தேதி, எங்கே பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள், மனதில் நின்ற ஒரு காட்சி, கடைசியாக ஒரு மதிப்பெண். இவ்வளவும் வேறு யாரிடமும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தியேட்டர் வாசலில் வண்டி எடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் "ரெண்டாம் பாதி இழுவை" என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது நம் சொந்தக் கருத்தாகிவிடும். எங்கள் கூட்டத்தின் முதல் வருடத்தில் எல்லோரும் வாயால் சொல்லித்தான் மதிப்பெண் போட்டோம். ஆசிரியர் முதலில் ஏழு என்பார். மற்ற ஆறு பேரும் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் நிற்போம். இப்போது எழுதியதை அப்படியே படிக்கிறோம். ஒரே படத்துக்கு மூன்றும் ஒன்பதும் வருகின்றன. பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கிறது.

எங்கே பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நல்ல ஒலி உள்ள அரங்கில் பார்த்த பேய்ப் படமும், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் கைப்பேசியில் பார்த்த அதே பேய்ப் படமும் வேறு வேறு அனுபவங்கள். டப்பிங்கில் பார்த்தீர்களா, மூல மொழியில் கேட்டு, கீழே வரும் எழுத்தைப் படித்துக்கொண்டு பார்த்தீர்களா என்பதும் வேண்டும். நடுவில் தூங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். பாதியில் எழுந்து வந்த படத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. "இத்தனையாவது நிமிடத்தில் வந்துவிட்டேன்" என்று குறித்தால் போதும், கேட்பவருக்கு அதுவே நிறையச் சொல்லும்.

மதிப்பெண் என்பது வெறும் எண்ணாக இருந்தால் யாருக்கும் பயன்படாது. உங்கள் ஏழும் என் ஏழும் ஒன்றா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஆட்டோக்கார அண்ணன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செயலைக் கட்டிவிடச் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு ஐந்து என்றால், பார்த்ததில் வருத்தம் இல்லை. ஏழு என்றால், இன்னொருவரைப் பார்க்கச் சொல்வேன். எட்டு என்றால், என் காசில் டிக்கெட் எடுத்து அவரைக் கூட்டிப் போவேன். ஒன்பது என்றால், நானே மறுபடி போவேன். மூன்றும் அதற்குக் கீழும், போகாமல் இருந்திருக்கலாம். பத்தை இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு தடவைதான் போட்டிருக்கிறேன். இப்படி வைத்துக்கொண்டால் எட்டு போடக் கை வரும்போதே, நிஜமாகவே அடுத்த வாரம் டிக்கெட் எடுத்துத் தருவேனா என்று மனது கேட்கும். ஆறு என்ற எண்ணிடம் மட்டும் கவனமாக இருங்கள். யோசிக்க மனமில்லாதபோது எல்லோரும் போய் ஒதுங்கும் இடம் அது. எங்களிடம் ஆறு போடுபவர் இரண்டு காரணம் சொல்ல வேண்டும், ஏன் ஏழு இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று.

ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் போட்ட பழக்கத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு அவர்கள் கொடுத்தது 62.5. பள்ளிக்கூடத்தில் அது நடுத்தரமான மதிப்பெண். விகடனில் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று படித்தவர்களுக்குத் தெரியும். அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. யாரோ உட்கார்ந்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். எல்லாப் படத்துக்கும் எண்பது, தொண்ணூறு என்று அள்ளிக் கொடுத்திருந்தால் அந்த 62.5-ஐ இன்றைக்கு யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

இணையத்தில் பார்க்கும் எண்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவரும்போது, அவை எப்படி வந்தவை என்று தெரிந்துகொண்டு கொண்டுவாருங்கள். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களின் சதவீதம் என்று ஒன்று இருக்கிறது. படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதன் அளவு என்றுதான் அதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேர் படத்துக்கு ஆதரவாக எழுதினார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. பந்தியில் சாப்பிட்ட பத்துப் பேரும் "சாப்பாடு பரவாயில்லை" என்று சொன்னால் அது நூறு சதவீதம். ஒன்பது பேர் அமிர்தம் என்று சொல்லி ஒருவர் முகம் சுளித்தால் தொண்ணூறு. எந்தப் பந்திக்கு நீங்கள் போவீர்கள்? ஐஎம்டிபி வேறு வகை. அங்கே பார்வையாளர்கள் ஒன்று முதல் பத்து வரை போடுகிறார்கள். அதையும் அப்படியே சராசரி எடுக்காமல், எடை போட்டுத்தான் வெளியிடுகிறார்கள். இரண்டு தளத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாதாடுவது வீண்.

இனி கதை சொல்வது. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், நல்லவர்களும் தவறுகிறார்கள். போன வருடம் உறவில் ஒரு சாந்திக் கல்யாணப் பந்தியில், அதாவது அறுபதாம் கல்யாணத்தில், இலையில் கவுனி அரிசி வைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இலைக்காரர் ஒரு துப்பறியும் படத்தில் கொலை செய்தது யார் என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, படத்தின் மேல் அவ்வளவு ஆசை. அடுத்த நாள் பார்க்க வைத்திருந்த படம். போய்ப் பார்த்தேன். இரண்டரை மணி நேரமும் அந்த ஒரு ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நாங்கள் ஒரு கோடு போட்டிருக்கிறோம். படத்தின் முதல் சிக்கல் தொடங்கும் இடம் வரைதான் கதை. அண்ணன் தம்பிக்கு வீடு பாகம் பிரிக்கிறார்கள், ஒரு அறையின் சாவி மட்டும் காணவில்லை. அங்கே நிறுத்திவிடுங்கள். சாவி யாரிடம் இருந்தது, அறையில் என்ன இருந்தது எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகு படத்தின் தன்மையைப் பற்றிப் பேசுங்கள். மெதுவாகப் போகிறதா, சிரிப்பு எப்படிப்பட்டது, பாட்டு கதையை நிறுத்துகிறதா நகர்த்துகிறதா, யார் நடிப்பு கண்ணில் நின்றது. முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் பார்க்காதவர்களை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பார்க்காதவர்கள் எழுந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்கு, போய்க் காப்பி குடிப்பார்கள். பேசி முடித்ததும் ஆச்சி குரல் கொடுப்பார், "வாங்கத்தா, ஆச்சு".

குழந்தைகளோடு பார்க்கலாமா என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். பெற்றவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தணிக்கைச் சான்றிதழில் யூ, ஏ இரண்டுக்கும் நடுவில் ஒரே யூஏ என்று இருந்ததை 2024 விதிகளில் ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். சான்றிதழில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், எது பயமுறுத்தும் என்றும் சொல்லுங்கள். ரத்தத்தைக் கண்டு பயப்படாத பிள்ளை, ஒரு நாய் சாகும் காட்சியில் இரவெல்லாம் அழும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு என்றே ஒரு எச்சரிக்கை உண்டு. கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளில் படம் எடுப்பது இங்கே பழகிப்போன விஷயம். திரையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பர்மாத் தேக்குத் தூணும் தெரிந்தவுடனே தியேட்டரில் ஒரு சலசலப்பு வரும். "இது இன்னார் வீடு" என்று ஒருவர் சொல்வார், "இல்லை, பக்கத்துத் தெரு" என்று இன்னொருவர் சொல்வார். அதற்குள் ஒரு முக்கியமான வசனம் போய்விடும். நம் ஊர் வீட்டைப் பார்த்த சந்தோஷத்தில் மதிப்பெண் ஒன்று கூடிவிடுகிறது. அந்த ஒன்றை நாங்கள் கழித்துவிடுகிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முகப்பிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் நேராக அடுப்படி வருகிற மாதிரி ஒரு படத்தில் காட்டினார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தாண்டித்தானே அடுப்படிக்குப் போக முடியும் என்று ஆச்சி அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் வீடு எந்த ஊரில் இருப்பதாகவும் இருக்கலாம், இரண்டு வீடுகளை ஒட்டியும் ஒரு வீடாகக் காட்டலாம். அது அவர்கள் வேலை. ஆனால் இன்னொரு படத்தில், செட்டிநாட்டுக் குடும்பம் என்று சொல்லிவிட்டு, அப்பாவை "அப்பச்சி" என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதற்கு நான் குறைத்தேன். கதவு எங்கே இருந்தாலும் கதை நடக்கும். ஒரு பெண் தன் அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதில் அவளே இருக்கிறாள்.

பழைய படங்களுக்கு மதிப்பெண் போடும்போது கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. தம்பி ஒருமுறை 'நாம் இருவர்' பார்த்துவிட்டு வந்தான். ஏவிஎம் நிறுவனர் மெய்யப்பன் எங்கள் காரைக்குடிக்காரர். இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் அமைந்த படப்பிடிப்புத் தளத்தில் உருவான படம் அது. ஒலி கரகரக்கிறது, நாடகம் மாதிரி இருக்கிறது என்று நாலு போட்டிருந்தான். சரி, அது அவன் கண்ணுக்குப் பட்டது, பொய் இல்லை. ஆனால் அதில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதியாரின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' வருகிறது. ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று பாடுகிறார்கள். படம் வெளிவந்தது 1947-இன் தொடக்கத்தில். சுதந்திரம் கிடைத்தது ஆகஸ்டில். கிடைக்காத ஒன்றைக் கிடைத்துவிட்டதாகக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஆசிரியர் கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போய் மறுபடி பார்த்தான். பழைய படம் எந்த வருடம் வந்தது, அப்போது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு வரி தெரிந்துகொண்டு பார்த்தால் போதும். மதிப்பெண்ணை ஏற்ற வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. தம்பி மறுபடி பார்த்த பிறகு நாலை ஆறாக்கினான், அதற்கு மேல் போகவில்லை. காரணம் இரண்டும் சொன்னான்.

இப்போது பேரேடு. சிட்டை எழுதி ஏழு நாள் கழித்து, சிட்டையைத் திறக்காமல், அதே படத்துக்கு இன்னொரு மதிப்பெண் போடுங்கள். வேறு நிற மையில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன தீபாவளிக்கு ஒரு பெரிய படம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, நானும் தட்டினேன். சிட்டையில் எட்டு. ஏழாம் நாள் உட்கார்ந்து யோசித்தால் ஒரு சண்டையும் ஒரு பாட்டும் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. பேரேட்டில் ஐந்து. அதே மாதம் கைப்பேசியில் பார்த்த ஒரு சின்னப் படம், சிட்டையில் ஐந்தரை. ஆனால் அதில் ஒரு அம்மா பேருந்து ஜன்னல் வழியாக டிபன் தூக்கைக் கொடுத்துவிட்டு, பேருந்து போன பிறகும் கையை இறக்காமல் நின்றாள். இரும்புக்கடையில் பில் போடும்போதெல்லாம் அந்தக் கை வந்து நின்றது. பேரேட்டில் எட்டு. தோழியைப் பார்க்கச் சொன்னேன். அவள் மூன்று போட்டாள். அவளுடைய காரணங்களும் சரியாகத்தான் இருந்தன. என் எட்டை நான் மாற்றவில்லை.

இரண்டு எண்ணையும் கூட்டத்தில் சொல்லுங்கள். சிட்டையின் எண்ணை அழிக்காதீர்கள். அன்றைக்குக் கைதட்டியதும் உண்மைதான்.

நோட்டு எதுவாக இருந்தாலும் சரி, நான் கடைக்கு வாங்கும் நீள நோட்டில்தான் எழுதுகிறேன். இடப்பக்கம் சிட்டை, வலப்பக்கம் பேரேடு. சித்திரை பிறந்ததும் வருடக் கணக்கை முடித்து ஐந்தொகை போடுவது போல, வருடத்தில் பார்த்தவற்றில் ஆளுக்கு ஒரு படம் மட்டும் சொல்வோம். மற்ற ஆறு பேரும் அடுத்த ஆடிக்குள் அதைப் பார்த்தாக வேண்டும். இந்த வருடம் ஆச்சி சொன்னது ஒரு கொரியப் படம். கண் சரியாகத் தெரியாததால் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தையெல்லாம் தமிழில் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். எங்கே பார்த்தீர்கள் என்ற இடத்தில் ஆச்சி தன் கையால் எழுதியிருந்தார்: "பேத்தி குரலில்".