நிறைவேறிய தீர்க்கதரிசனங்களைச் சபைகள் கூடி வாசிப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

இராமேசுவரம் தீவிலிருந்து மேற்கே மூக்கையூர் வரையிலும் வடக்கே தொண்டி வரையிலும் நீளும் நம் கடற்கரையில், கத்தோலிக்கப் பங்குகளும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் பல ஊர்களில் நடந்துபோகும் தொலைவிலேயே இருக்கின்றன. ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு ஆலயங்களுக்குப் போகிறார்கள். கல்யாணத்திலும் அடக்கத்திலும் ஒன்றாக நிற்கிறார்கள். ஆனால் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றாக உட்காருவது அரிதாகவே நடக்கிறது. தம்மை விசுவாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் இயேசு வேண்டிக்கொண்ட ஜெபம் யோவான் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஜெபத்தை மனதில் வைத்து, ஒரு சிறிய ஊழியக் குழு தன் ஊரில் பல சபையாரையும் கூட்டி, நிறைவேறிய தீர்க்கதரிசனங்களை வாசிக்கும் கூடுகையை எப்படி நடத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். "இது நிறைவேறிற்று" என்று புதிய ஏற்பாடே சொல்லும் பகுதிகளையும், வேதமே தன் பக்கங்களில் நிறைவேற்றத்தைப் பதிவுசெய்திருக்கும் பகுதிகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்கள், வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆயிரம் ஆண்டுகள், கிறிஸ்துவின் இரண்டாம் வருகையின் காலக்கணக்கு ஆகியவற்றை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். அவை முக்கியமற்றவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவற்றில் சபைகள் வெவ்வேறு போதனைகளோடு நிற்கின்றன. அவற்றிலிருந்து தொடங்கும் கூடுகை இரண்டாம் வாரமே வாக்குவாதமாகிவிடும். பெத்லகேமில் பிறந்தவர் யார் என்பதிலும், துன்பப்படும் ஊழியரைப் பற்றிய ஏசாயா 53 யாரைக் குறித்துப் பேசுகிறது என்பதிலும் நம் சபைகளுக்குள் பிளவே இல்லை. ஏற்கெனவே ஒன்றாயிருக்கும் இடத்திலிருந்துதான் ஒற்றுமையை வளர்க்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. விசைப்படகுத் தொழிலாளர்கள் மாலையில் ஊரில் இருக்கும் காலம் அதுதான். ஈஸ்டர் எந்தத் தேதியில் வந்தாலும், அதிலிருந்து ஏழாம் ஞாயிறான பெந்தெகொஸ்தே நாள் மே 10க்கு முன்னும் வராது, ஜூன் 13க்குப் பின்னும் வராது. அதாவது, அது ஒவ்வோர் ஆண்டும் தடைக்காலத்துக்குள்ளேயே விழுகிறது. தேவனுடைய ஆவி ஊற்றப்படும் என்று யோவேல் உரைத்த வாக்கு நிறைவேறிற்று என்று பேதுரு எழுந்து நின்று சொன்ன நாளும், பல மொழியினர் ஒரே செய்தியைக் கேட்ட நாளும் அதுவே ஆகையால், நம் கூடுகைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு நாள் கிடையாது. பெந்தெகொஸ்தேயிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணித் தொடக்க நாளைக் குறியுங்கள். 2027இல் அந்த ஞாயிறு மே 16 ஆதலால் நான்கு வாரங்களே கிடைக்கும். 2028இல் ஜூன் 4 ஆதலால் ஏழு வாரங்கள் கிடைக்கும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லை. சாயல்குடிப் பக்கத்தில் பனைத்தொழிலும் வாலிநோக்கம் பக்கத்தில் உப்பளவேலையும் அந்த வெயில் மாதங்களில்தான் மும்முரமாக இருக்கும். அங்கே ஜனவரி 18 முதல் 25 வரை பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் கிறிஸ்தவ ஒன்றிப்புச் செப வாரத்தை ஒட்டி நடத்துவதே நல்லது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கேட்காமல் நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

அழைப்பும் இடமும்

பங்குத்தந்தையையும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயரையும் பெந்தெகொஸ்தே பாஸ்டரையும் தனித்தனியே நேரில் சென்று பாருங்கள். ஒருவருடைய சம்மதத்தைக் காட்டி இன்னொருவரை நெருக்காதீர்கள். மூன்று உறுதிகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: யாரையும் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு இழுக்க மாட்டோம், காணிக்கை எடுக்க மாட்டோம், திருவிருந்தோ ஞானஸ்நானமோ இந்தக் கூடுகையில் நடக்காது. இவற்றில் முதலாவதை மீறினால் நீங்கள் பல மாதம் கட்டியது ஒரே நாளில் விழுந்துவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் எனும் சிறு குழுக்களின் பொறுப்பாளர்களும், தென்னிந்தியத் திருச்சபையில் உபதேசியாரும், மற்றச் சபைகளில் வீட்டுக்கூட்டம் நடத்துகிறவர்களும் மக்களை அழைத்துவரக் கூடியவர்கள்.

இடம் எந்தச் சபைக்கும் சொந்தமில்லாததாக இருந்தால் முதல் வாரத்தின் தயக்கம் குறையும். வலை பின்னும் கூடம், பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறை, ஊர்ச் சமுதாயக் கூடம் எதுவாயினும் போதும். ஒலிபெருக்கி தேவையில்லை, முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்தால் குரல் எட்டும். இந்து, முஸ்லிம் குடும்பங்கள் சூழ வாழும் ஊர்களில், குறிப்பாகக் கீழக்கரை, தொண்டி போன்ற இடங்களில், மாலைத் தொழுகை நேரத்தை விட்டுத் தொடங்குவது அண்டை வீட்டாருக்குக் காட்டும் மரியாதை.

எல்லோர் கையிலும் ஒரே வேதாகமம் இருக்காது. பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்கள் ஏசாயா, சகரியா, அப்போஸ்தலர் என்று தேடுவார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்களுக்கு அவை எசாயா, செக்கரியா, திருத்தூதர் பணிகள் என்று இருக்கும். இரு பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இரு மொழிபெயர்ப்பிலும் ஒருமுறை வாசிக்கச் செய்யுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரு வாரம் ஒரு சபையாரின் வழக்கப்படியும், மறுவாரம் மற்றவர்களின் வழக்கப்படியும் சொல்லலாம்.

ஒரு மாலையை நடத்தும் முறை

பழைய ஏற்பாட்டுப் பகுதியை முதலில் வாசியுங்கள். அப்போது புதிய ஏற்பாட்டைத் திறக்க வேண்டாம். இந்த வார்த்தை யாருக்கு, எந்தத் துன்பத்தின் நடுவில், எந்த அரசன் காலத்தில் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். இந்த அரை மணி நேரத்தைச் சுருக்கிவிடவே எல்லோருக்கும் ஆசை எழும், ஏனென்றால் விடை நமக்கு முன்பே தெரியும். ஆனால் முதலில் கேட்டவர்களின் இடத்தில் உட்காராமல் நிறைவேற்றத்தை வாசித்தால், தீர்க்கதரிசி வெறும் குறிசொல்பவராகத் தோன்றிவிடுவார். அதன் பிறகே நிறைவேற்றப் பகுதியைத் திறந்து, அது எவ்விதமாய் நிறைவேறியது என்று பேச வேண்டும்.

"எவ்விதமாய்" என்ற கேள்வி முக்கியமானது. மீகா 5:2 வரப்போகும் ஆளுநரின் ஊர் பெத்லகேம் என்று நேரடியாகச் சொல்கிறது. மத்தேயு 2இல் ஏரோதுக்கு அதை எடுத்துக்காட்டுகிறவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகருமே. ஓசியா 11:1 அப்படியன்று. "எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன்" என்ற அடி இஸ்ரவேலின் கடந்தகால விடுதலையைப் பேசுகிறது, அந்த வரலாறு இயேசுவில் மீண்டும் நிகழ்ந்து முழுமையடைவதை மத்தேயு காண்கிறார். ஏசாயா 61ஐ நாசரேத்தில் வாசித்த ஆண்டவர், லூக்கா 4இன்படி, அனுக்கிரக வருஷத்தைக் கூறும் அடியோடு நிறுத்தி, அடுத்து வரும் நியாயத்தீர்ப்பின் நாளைப் பற்றிய அடியை வாசிக்காமலே புஸ்தகத்தைச் சுருட்டினார். இனி நிறைவேற வேண்டிய ஒரு பகுதியும் உண்டு என்பதற்குப் பலர் இதைக் காட்டுகிறார்கள். இந்த மூன்று வகைகளையும் பிரித்துக் காட்டினால், "ஓசியாவை மத்தேயு திரித்துவிட்டார்" என்று பிள்ளைகள் கல்லூரியில் கேட்கும் பேச்சுக்கு வீட்டிலேயே விடை இருக்கும்.

முதல் மாலைக்கு எரேமியா 25:11-12, 29:10 ஆகியவற்றையும் எஸ்றா 1ஐயும் பரிந்துரைக்கிறேன். எழுபது ஆண்டு பாபிலோனுக்கு அடிமைப்பட்டிருப்பீர்கள், பிறகு திரும்புவீர்கள் என்ற வாக்கு அது. கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். மறு ஆண்டு யூதர்கள் திரும்ப அனுமதி கிடைத்தது. யாராவது நிச்சயம் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் ஆதிக்கம் பெற்ற கி.மு. 605இலிருந்து எண்ணினால் எழுபதுக்குச் சற்றுக் குறைவாக வரும். தேவாலயம் இடிக்கப்பட்ட கி.மு. 586இலிருந்து அது மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட கி.மு. 516 வரை எண்ணினால் எழுபது சரியாக வரும். இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். தானியேல் 9:2-3ஐயும் சேர்த்து வாசியுங்கள்: அந்த எண்ணைப் புஸ்தகத்தில் கண்டறிந்த தானியேல் உடனே உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கினார்.

ஏசாயா 53க்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்படும். "இது இயேசுவுக்குப் பிறகு எழுதிச் சேர்த்தது" என்று எவராவது சொன்னால், 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருளைப் பற்றிச் சொல்லுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தச் சுருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். 53ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது. யூதர்களில் பலர் இந்த அதிகாரம் இஸ்ரவேல் மக்களின் துன்பத்தைப் பேசுவதாக வாசிப்பதையும் மரியாதையோடு குறிப்பிட வேண்டும். பிறகு அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் கேட்ட கேள்வியை அப்படியே கூடுகையில் கேளுங்கள்: தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்லுகிறார்?

கடற்கரை மக்களுக்கு எசேக்கியேல் 26 தனியாக நெருங்கி வரும். தீரு நகரம் வலைகளை விரிக்கும் இடமாகும் என்று அதில் இருக்கிறது. அந்த நகரம் பாம்பன் தீவைப் போலக் கரையை விட்டு விலகிய தீவாக இருந்தது என்று சொன்னால் உடனே விளங்கும். நேபுகாத்நேச்சார் அதை நெடுங்காலம் முற்றுகையிட்டான். ஆனால் அந்த உழைப்புக்கு அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை என்று எசேக்கியேலே 29:18இல் எழுதுகிறார். கி.மு. 332இல் அலெக்சாந்தர், கரையிலிருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்துத் தீவைப் பிடித்தார். அதே பெயரில் இன்றும் லெபனானில் மக்கள் வாழும் ஊர் இருக்கிறது என்பதையும், "இனிக் கட்டப்படாது" என்ற சொல்லை வாசிப்பவர்கள் அதைப் பலவிதமாய் விளக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பாதியைச் சொல்லி மீதியை விட்டால் நம் சாட்சியை நாமே பலவீனப்படுத்துவோம். பிறகு அப்போஸ்தலர் 21:3-6ஐத் திறந்தால், அதே தீருவின் கடற்கரையில் பவுலும் அவ்வூர்ச் சீஷர்களும் பெண்டு பிள்ளைகளோடு முழங்கால்படியிட்டு ஜெபிப்பதைப் பார்க்கலாம்.

எதற்கு இடம் கொடுக்கக் கூடாது

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2004 சுனாமியையும் நிறைவேறிய தீர்க்கதரிசனம் என்றோ தண்டனை என்றோ பேச எவருக்கும் அனுமதி தராதீர்கள். அந்தப் புயலில் உறவினரை இழந்த குடும்பங்கள் இன்னும் நம் நடுவில் இருக்கின்றன. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று ஆண்டவர் லூக்கா 13இல் கேட்ட கேள்வியே இதற்குப் போதுமான பதில். அவ்வாறே வருகைக்குத் தேதி சொல்பவர்களுக்கும் இடமில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்து ஏமாந்து உடைந்துபோனதையும், நிறைவேறாத வார்த்தை கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் 18:22 சொல்வதையும் சொல்லிக் கொடுங்கள்.

கருத்து மாறுபாடு எழுந்தால், நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சபையாரும் தங்கள் போதனையை இரண்டு நிமிடம் சொல்லட்டும், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும், பிறகு பகுதிக்குத் திரும்புங்கள். மரியன்னை வணக்கமும் அந்நியபாஷையும் குறித்த கேள்விகள் வரத்தான் செய்யும். அவற்றைக் குறித்துவைத்து, அந்தந்தச் சபைத் தலைவர் விரும்பினால் வேறொரு நாளில் விளக்கச் சொல்லலாம்.

ஒவ்வொரு மாலையும் ஜெபத்தோடு முடியட்டும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்களுக்காகவும், வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கும்போது யார் எந்தச் சபை என்று எவரும் கேட்பதில்லை. பெந்தெகொஸ்தே ஞாயிறு மாலையில் யோவேல் 2:28-32ஐ ஒரு சபையின் இளைஞரும், அப்போஸ்தலர் 2:14-21ஐ இன்னொரு சபையின் மூத்த பெண்மணியும் வாசிக்கட்டும். அந்த மாலையிலேயே ஜனவரிச் செப வாரக் கூடுகையை எந்த ஊர் ஏற்கும், டீக்கும் பாய்க்கும் யார் பொறுப்பு, எந்தத் தீர்க்கதரிசனங்களை அடுத்து எடுப்பது என்று முடிவு செய்து, மூன்று சபைகளிலிருந்தும் ஒவ்வொருவரை அதற்கு நியமித்துவிட்டே கலைந்து செல்லுங்கள்.