தேமலைத் தாங்கும் வெண்டை: கடலூர், புதுச்சேரி வயல்களில் கலப்பு செய்யும் முறை

இலை நரம்பை மஞ்சளாக்கும் வைரஸ் நோயான மஞ்சள் நரம்புத் தேமலை எதிர்க்கும் வெண்டையைத் தேர்வு செய்ய மாசிப் பட்டமே ஏற்றது. வெயில் ஏறும்போது வெள்ளை ஈ பெருகும். தேமல் வைரஸைப் பரப்புவது அதுதான். ஐப்பசி மழையில் பச்சையாக நின்ற செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது ஈ தீண்டாமல் தப்பிய செடி. நோய்ச் சாற்றை இலையில் தேய்த்துச் சோதிக்கவும் முடியாது, இந்த வைரஸ் அப்படித் தொற்றாது.

ஊரில் விலை போகும் ரகத்தைத் தாயாக வையுங்கள். தந்தைக்கு அர்கா அனாமிகா அல்லது பர்பானி கிராந்தி. இரண்டுக்கும் எதிர்ப்பு காட்டு வெண்டையிலிருந்து வந்தது. காட்டு இனத்தோடு நேரடியாகக் கலப்பு செய்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் மலடாகும். இந்த ரகங்களும் சில இடங்களில் தேமல் வாங்குவதால், முதலில் உங்கள் வயலிலேயே ஒரு கோடை வைத்துப் பாருங்கள்.

மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியில் வெளிர் மஞ்சள் தெரியும். மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள், அடியிலிருந்து 1 செ.மீ. மேலே பிளேடால் சுற்றிலும் மெல்லக் கீறிப் புல்லியையும் இதழையும் உருவுங்கள். ஆழமாகக் கீறினால் சூல்பை காயப்பட்டுப் பிஞ்சு உதிரும். நடுத்தண்டில் ஒட்டிய மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒன்று விடாமல் சுரண்டி, பட்டர் பேப்பர் உறை போடுங்கள். ஒரு பை தங்கினாலும் அது தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தந்தை மொட்டையும் அன்றே நூலால் கட்டிவிடுங்கள், தேனீ கலப்பு வராது. காலை எட்டிலிருந்து பத்துக்குள் அந்தப் பூவைப் பிய்த்துச் சிவந்த சூல்முடியில் தடவி, மீண்டும் உறை மாட்டி, தேதிச் சீட்டு கட்டுங்கள். காய் முற்றிக் காய 30, 35 நாள் ஆகும்.

முதல் தலைமுறையில் உறை கட்டித் தற்கலப்பு விதை (தன் மகரந்தத்திலேயே காய்த்த விதை) எடுத்தால் போதும். நோய் தாங்கும் செடி, தாங்காத செடி என்ற பிரிவு தெரிவது இரண்டாம் தலைமுறையில். குறைந்தது 200 செடி நடுங்கள். நான்கு வரிசைக்கு ஒன்று பூசா சவானி. ஒரு காலத்தில் தாங்கிய ரகம், இப்போது எளிதில் மஞ்சளாகும், அதனால் நோய் பரப்ப உதவும். பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. விதைத்த 30ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை பாருங்கள். 60ஆம் நாளில் பூசா சவானி வரிசை முழுக்க மஞ்சளாகாவிட்டால் அந்தச் சோதனையை ஒதுக்கிவிடுங்கள்.

நரம்பு சுத்தமாக இருந்து காயும் நன்றாக இருப்பவற்றை மட்டும் தற்கலப்பு செய்து, செடிவாரியாக விதை பிரியுங்கள். அடுத்த கோடையில் ஒவ்வொன்றும் தனி வரிசை. ஆறாம் தலைமுறை வரை இப்படியே. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே வரிசையை நம்பாமல் நான்கைந்து வரிசை விதைகளைத் தனித்தனியாகச் சேமியுங்கள், கொஞ்சம் பூசா சவானியும்.