அடுத்த மாதம் எத்தனை படுக்கை வேண்டும்? டேட்டாவை வைத்துக் கணிப்பது எப்படி

“ஐந்து வருஷ டேட்டா கையில் இருக்கிறது, ஏதாவது கணித்துக் கொடுங்கள்” என்று ஆரம்பிக்கும் வேலை பெரும்பாலும் உருப்படாது. எந்த முடிவை எடுப்பதற்காக இந்தக் கணிப்பு என்று முதலில் கேளுங்கள். அடுத்த வாரம் நர்ஸ்களுக்கு டியூட்டி போடவா, மூன்று மாதத்துக்கு மருந்து வாங்கவா, புது வார்டு கட்டவா? டியூட்டிக்கு நாள்வாரிக் கணக்கு வேண்டும். வார்டுக்கு மாதவாரி போதும்.

அப்புறம் டேட்டா. பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும். இரண்டு வருஷமாவது இல்லாவிட்டால் பருவ ஏற்ற இறக்கம் பிடிபடாது. பலர் கோட்டைவிடுவது எங்கே என்றால், அட்மிஷன் வேறு, தேவை வேறு என்பதில். வார்டு நிரம்பி வழிந்த ஒரு நாளில் 40 பேரைச் சேர்த்ததாகப் பதிவேடு சொல்லும், இடமில்லை என்று திருப்பி அனுப்பிய 9 பேர் அதில் இருக்கவே மாட்டார்கள். அந்த 40-ஐ நம்பிக் கணித்தால் ஒரு நாளைக்கு 40 பேரைச் சேர்க்க இடம் இருந்தாலே போதும் என்றுதான் விடை வரும், அடுத்த வருஷமும் 9 பேர் வாசலோடு திரும்புவார்கள். அதனால் காத்திருந்தவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், வேறு வார்டில் தற்காலிகமாகப் போடப்பட்டவர்கள் எல்லோரையும் எண்ணுங்கள். கோவிட் மாதங்களை அழிக்க வேண்டாம், குறியிட்டுத் தனியாக வைத்தால் போதும்.

சரி, இப்போது கணிப்பு. “போன வாரம் இதே கிழமையில் எத்தனை பேரோ, இந்த வாரமும் அத்தனை பேர்” என்பதுதான் முதல் மாடல், அதாவது கணிக்கும் முறை. சிரிக்காதீர்கள், இதைத் தோற்கடிக்க முடியாத மாடல்கள் நிறைய உண்டு. தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க கூகுள் 2008-ல் ஒரு சேவை தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் எண்ணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது, 2015-ல் நிறுத்திவிட்டார்கள். அதே மையத்தின் மூன்று வாரப் பழைய எண்ணே கூகுளைவிடச் சரியாக இருந்திருக்கும் என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அடுத்த படிக்கு எக்செல் போதும். 2016 பதிப்பிலிருந்தே ‘ஃபோர்காஸ்ட் ஷீட்’ என்ற கணிப்பு வசதி இருக்கிறது, பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடைசி எட்டு வாரத்தை மறைத்துவிட்டுக் கணிக்கச் சொல்லுங்கள், பிறகு நிஜ எண்ணோடு ஒப்பிட்டு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேர் அளவுக்குக் கணிப்பு பிசகியது என்று பாருங்கள். சதவீதத்தில் பார்க்காதீர்கள்: சின்ன வார்டில் நான்கு பேர் என்று கணித்து இரண்டு பேர் வந்தாலே 100 சதவீதப் பிழை என்று பயமுறுத்தும்.

படுக்கைக் கணக்கு எளிது. ஒரு நாளைக்குச் சராசரியாக 12 பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 4 நாள் தங்கினால் 48 படுக்கை நிரம்பியிருக்கும். ஆனால் அது சராசரிதான். சரியாக 48 போட்டு வைத்தால் ஏறக்குறைய பாதி நாட்கள் யாராவது தாழ்வாரத்தில் இருப்பார்கள். எனவே ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ‘41 முதல் 55 வரை’ என்பது போல வரம்பாகக் கொடுங்கள், 55-ஐ நெருங்கினால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் வார்டு பொறுப்பு நர்ஸிடம் ஒரு தடவை காட்டுங்கள். “அந்த வாரம் சர்ஜன் லீவு, ஆபரேஷனே கிடையாது” என்பார். அது உங்கள் எக்செலில் எந்தக் கட்டத்திலும் இருக்காது.